ஸ்கொட்டிஷ் பாங்கின் நாலாம் கதவு

எந்த வீட்டுக்குப் போனாலும் கால் சப்பாத்தைக் கழற்ற முதல், என்னோடு துப்புரவு வேலை செய்த அந்த அக்கா ஒன்றைக் கேட்பார்: "பிள்ளை, உங்கட வீட்டுக்கு வேற வாசல் இருக்கோ?"

சுவிஸில், ஓல்டனில் நான் இருந்தது மூன்றாம் மாடி. வேறு வாசலுக்கு நான் எங்கே போக? பல்கணி இருக்கிறது என்றேன். ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை ஆறவிட்டு, பல்கணிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "குதிச்சால் கால்தான் முறியும். உயிருக்கு ஒண்டும் இல்லை" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். அவர் போன பிறகு அன்று பின்னேரம் முழுக்க என் வீட்டில் இருக்க எனக்கே பயமாக இருந்தது.

அவருடைய பயம் அப்படித்தான், பக்கத்தில் இருப்பவருக்கும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு தட்டு ரயிலில் மேல்தட்டுக்கு ஏறமாட்டார். கதவடியில் மடக்கு இருக்கையில் குந்திக்கொண்டு ஓல்டன் வரும்வரை கதவையே பார்த்துக்கொண்டு வருவார். லிப்ட் என்றால் பேச்சே இல்லை. பதினைந்து கிலோ வாளியைத் தூக்கிக்கொண்டு படியால் ஏறுவார். கலியாண மண்டபத்தில் மணவறைக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக் கொடுத்தாலும் கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பார். இந்த நாட்டுக்கு வந்து அவர் முதலில் பாடமாக்கிய ஜெர்மன் சொல் 'நோட்ஆவுஸ்கங்', அவசர வழி. நாங்கள் எல்லோரும் நன்றி சொல்லவும் விலை கேட்கவும் பழகிக்கொண்டிருந்த காலம் அது.

எங்களோடு வேலை செய்த குமாரண்ணை விடாமல் பகிடி பண்ணுவார். "அக்கா, சாகேக்க பெட்டியிலயும் ரெண்டு கதவு வைக்கச் சொல்லட்டோ?" என்பார். அக்காவும் சிரிப்பார். ஆனால் பயத்தை ஒருநாளும் மறைக்கமாட்டார். "எனக்குப் பயமாக் கிடக்கு" என்று பச்சையாகச் சொல்லுகிற ஆளை நான் அதற்கு முதல் கண்டதில்லை. நாங்கள் எல்லோரும் பயந்தவர்கள்தான். கடிதப்பெட்டியில் அரசாங்கக் கடித உறையைக் கண்டால் ஒருநாள் முழுக்கப் பிரிக்காமல் வைத்திருப்பேன். வெளியில் மட்டும் விறைப்பாகத் திரிந்தோம்.

நாங்கள் துப்புரவு செய்த கட்டிடம் ஓல்டனிலிருந்து ரயிலில் இருபது நிமிடத் தூரத்தில் ஒரு சின்னப் பட்டணத்தில் இருந்தது. ஊரின் பெயரை விட்டுவிடுகிறேன். நூறு வருடத்துக்கு மேற்பட்ட வங்கி. வரைந்தவர் ஒரு ஸ்கொட்லாந்துக்காரராம். நெஞ்சு வருத்தத்துக்கு மலைக்காற்று வாங்க வந்தவர், இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டார். தங்கள் நாட்டில் வங்கியைக் கோயில் மாதிரித்தான் கட்டுவார்கள் என்று சொல்லி, அதே போல ஒன்றை இங்கே எழுப்பினார். ஊரார் 'ஷொட்டன்பாங்க்' என்பார்கள். எங்கள் வாயில் அது ஸ்கொட்டிஷ் பாங்க்.

முகப்பு முழுக்க மணற்கல். கீழ்த்தளத்தில் கற்கள் கரடுமுரடாகப் பிதுங்கிக்கொண்டு நிற்கும். அதற்கு மேலே இரண்டு மாடி உயரத்துக்கு, நெடுக வரி வெட்டிய ஆறு தூண்கள். தூண்களின் மேல் முக்கோண முகடு. அதில் ஒரு சிலை கிடையாது, ஒரு பூ கிடையாது. ஸ்கொட்லாந்துக்காரருக்கு அலங்காரம் பிடிக்காது, கனம்தான் பிடிக்கும் என்பார் ஹவுஸ்வார்ட். கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். தூணின் தலையில் மட்டும் முள்ளு இலைகள் செதுக்கியிருந்தன. அவர்கள் நாட்டுச் செடியாம். எனக்கு அது எங்கள் ஊர் வேலியோரப் பிரமதண்டு மாதிரித்தான் தெரிந்தது.

உள்ளே பெரிய மண்டபம். சுவரில் ஜன்னலே இல்லை. உள்ளே நடப்பதைத் தெருவால் போகிறவன் பார்க்கக்கூடாது என்பது அந்தக் காலத்து எண்ணமாம். உச்சியில் வளைந்த கூரையின் நடுவில் ஒரு கண்ணாடிக் கூண்டு. பகல் வெளிச்சம் முழுக்க அதற்குள்ளால்தான் இறங்கும். முன்சுவரில் இரண்டு கதவு, பின்சுவரில் இரண்டு கதவு. நாலும் ஒரே மஹோகனி மரம், ஒரே உயரம், ஒரே பித்தளைக் குமிழ். நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினால் எதால் வந்தோம் என்று மறந்துபோகும்.

முதல் நாளே அக்கா வாளியை வைத்துவிட்டுக் கதவு கதவாகப் போனார். முன்சுவரில் ஒன்று தெருவாசலுக்குப் போனது. மற்றது நிலவறைப் படிக்கு. பின்சுவரில் இடப்பக்கக் கதவைத் திறந்தால் ஒடுங்கிய நடைவழி, நாங்கள் ஓடை என்போம், அதன் முடிவில் பின்முற்றம். அக்காவின் முகம் தெளிந்தது. பிறகு வலப்பக்கக் கதவின் குமிழைத் திருகினார். திருகியது, திறக்கவில்லை. தள்ளினார், இழுத்தார், தோளால் இடித்தார். ஹவுஸ்வார்ட் ஓடி வந்து சிரித்தார்.

"அது கதவில்லை. அழகுக்கு வைத்தது. அந்தப் பக்கம் ஒன்று இருந்தால் இந்தப் பக்கமும் ஒன்று இருக்கத்தானே வேண்டும்? பின்னால் சுவர்."

அக்கா சிரிக்கவில்லை. அங்கிருந்த தூண் ஒன்றில் புறங்கையை வைத்தார். பச்சையும் வெள்ளையுமாக வரியோடிய தூண்கள் அவை, நாங்கள் மாபிள் கல் என்று நினைத்திருந்தோம். "இது குளிரேல்லயே" என்றார். ஹவுஸ்வார்டுக்கு வலு சந்தோசம். கண்டுபிடித்துவிட்டீர்களே, அது சாந்தும் சாயமும் பசையும் கலந்து மினுக்கியது, அந்தக் காலத்து வித்தை, ஈரத்துணி படக்கூடாது என்று விளக்கம் சொன்னார். அக்கா என் காதோடு, "முழுப் பொய்யடி இந்தக் கட்டிடம்" என்றார்.

அன்று திரும்பி வரும்போது ரயிலில் ஒரு கதை சொன்னார். அதற்குப் பிறகு அதை அவர் சொல்லவேயில்லை. ஊரில் சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நாளில் ஷெல் வந்து விழுந்திருக்கிறது. எல்லோரும் பின்கதவுக்கு ஓடினார்கள். அது வெளியால் பூட்டிக் கிடந்தது. "முன்னுக்கு நிண்டவை திறக்கேலாதெண்டு கத்துகினம். பின்னுக்கு நிண்டவைக்குக் கேக்கேல்ல, தள்ளுகினம். நான் நடுவில" என்றார். பிறகு ஓல்டன் வரும்வரை கதவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் வந்ததும் வராததுமாக, பொய்க் கதவின் குமிழில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். "துணி தட்டுப்பட்டால் சுவர். தட்டுப்படாட்டிக் கதவு. எல்லாரும் ஞாபகம் வைச்சிருங்கோ." ஓடைக் கதவுக்கு மேலே பச்சை விளக்கு எரிகிறதே அக்கா என்றேன். "புகை வந்தால் விளக்கை ஆர் காணுறது? கைதானே பிள்ளை காணும்?" என்றார். ஒருநாள் இடைவேளையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி மண்டபத்தைச் சுற்றி வந்தார். குமாரண்ணை அதைத் தன் போனில் படம் பிடித்து இரண்டு கிழமை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

துப்புரவு வேலை தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே துணிக்கு நிறச் சட்டம் உண்டு. நீலம் மேசைக்கு, மஞ்சள் கைகழுவும் தொட்டிக்கு, பச்சை குசினிக்கு, சிவப்பு கக்கூசுக்கு. இதை மாற்றிப் பிடித்தால் கொலை செய்த மாதிரிப் பார்ப்பார்கள். அக்கா கட்டியது பெட்டியிலிருந்து எடுத்த புத்தம் புதுத் துணி. ஆனால் எங்கள் கம்பனி ஷெஃப், அதாவது மேலாளர், வந்து பார்த்தபோது கண்டது, நூறு வயது மஹோகனிக் கதவில் ஒரு கக்கூசுத் துணி.

அக்காவுக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. நான் அந்தக் குழுவுக்குப் பொறுப்பு என்பதால் ஷெஃப் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொரு முறை அங்கே சிவப்பைக் கண்டால் கடிதம் உன் பெயருக்குத்தான் வரும்" என்றார்.

எனக்கு அந்த நேரம் கடிதம் வரக்கூடாது. என் மகள் வவுனியாவில் என் கூடப்பிறந்த அக்காவோடு இருந்தாள். ஒன்பது வயது. நான் விட்டுவிட்டு வரும்போது அவளுக்கு நாலு. தகப்பன் இல்லை. அவளை இங்கே எடுப்பதற்கு நிரந்தர வேலைக் கடிதம் கேட்டிருந்தார்கள். அந்த மாதம் தருவதாக ஷெஃப் சொல்லியிருந்தார். பிள்ளை போனில் "அம்மா, எப்ப?" என்று கேட்பதை விட்டு "சாப்பிட்டீங்களோ?" என்று பெரியவர்கள் மாதிரிக் கேட்கத் தொடங்கியிருந்தாள். எனக்கு அதுதான் பயம். அக்காவுக்குக் கட்டிடத்தில் பயம் என்றால் எனக்குக் கடுதாசியில் பயம்.

"நீலத்தைக் கட்டுங்கோ அக்கா" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"கறுத்த மரத்தில நீலம் தெரியுமோடி?"

"தடவித்தானே பாப்பம் எண்டு சொன்னியள்?"

"உங்களுக்கெல்லாம் கண்ணால கண்டால்தானே ஞாபகம் நிக்கும்? எனக்காகவோ கட்டுறன்?"

அதற்குமேல் என்ன கதைக்க? நாங்கள் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். ஷெஃப் வியாழக்கிழமைதான் வருவார். வியாழன் கட்டக்கூடாது, மற்ற நாளில் வேலை நேரம் மட்டும் கட்டலாம். வியாழக்கிழமைகளில் அக்கா அந்த மண்டபத்தில் நிற்கும் நேரமெல்லாம் முகம் வெளிறி, வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு இருப்பார்.

கோடை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. வங்கி பூட்டு. வருடத்துக்கு ஒருமுறை பழைய மெழுகைச் சுரண்டிப் புதுசாகப் போடும் பெரிய துப்புரவு. குமாரண்ணை நிலவறையில் தரை கழுவும் மெசினுக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டு நின்றார். அக்கா மண்டபத்தில் காசாளர் மரத்தட்டிக்குப் பின்னால் நிலத்தில் குந்தியிருந்து மெழுகு சுரண்டினார். நான் தெருவாசலில் பித்தளை மினுக்கிக்கொண்டிருந்தேன். பத்து மணியிருக்கும். நல்ல வெயில். ஷெஃப்பின் கார் வந்து எதிரே நின்றது. சனிக்கிழமையில்! கூடவே வங்கியிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள்.

உள்ளே ஓடினேன். தட்டிக்குப் பின்னால் அக்கா சுரண்டுகிற சத்தம் கேட்டது. கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவர் எழும்பி வந்து வேண்டாம் என்பார், வாக்குவாதம் வரும், அதற்குள் அவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். துணியை அவிழ்த்தேன், ஏப்ரன் பைக்குள் திணித்தேன். அவர்கள் போனதும் திரும்பக் கட்டிவிடலாம். கால்மணி நேரம். அப்படித்தான் நினைத்தேன், அம்மாளாச்சி அறிய அப்படித்தான் நினைத்தேன்.

அவர்கள் உள்ளே வரவேயில்லை. தெருவில் நின்று அண்ணாந்து முகப்பைப் பார்த்தார்கள். மழைநீர் ஓடி மணற்கல் கறுத்திருப்பதை ஒருவர் காட்டினார். ஷெஃப் தலையாட்டினார். நான் பித்தளையை மினுக்கியபடி, உள்ளே போங்கோவன், பாத்திட்டுக் கெதியாப் போங்கோவன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எச்சரிக்கை மணி அலறியது. குமாரண்ணை இருமிக்கொண்டு வெளியே வந்து படியில் விழுந்தார்.

"பற்றரி வெடிச்சிட்டுது! நெருப்பு! நெருப்பு!"

அவர் திறந்தபடி விட்டு வந்த நிலவறைக் கதவால் கறுப்பாகப் புகை மண்டபத்துக்குள் ஏறியது. தெருவாசல் கதவு அதற்குப் பக்கத்தில். வாசலுக்குள் காலை வைக்க முடியவில்லை, தொண்டை எரிந்தது. ஷெஃப் "உள்ளே யார்? உள்ளே யார்?" என்று கத்தினார்.

"அக்கா" என்றேன்.

குமாரண்ணை இருமலுக்கிடையில், "அவவோ? அவ எங்களுக்கு முதல் வெளியில நிப்பா. பின்முற்றத்தில பாருங்கோ" என்றார். நானும் அதைத்தான் நம்பினேன். இந்த உலகத்தில் ஒரு ஆளுக்கு வெளியேறும் வழி தெரியும் என்றால் அது அந்த அக்காவுக்குத்தான். கட்டிடத்தைச் சுற்றிப் பின்முற்றத்துக்கு ஓடினேன். இரண்டு குப்பைத் தொட்டிகள். ஹவுஸ்வார்டின் சைக்கிள். ஆள் ஒருவரும் இல்லை.

அப்போதுதான் என் கை ஏப்ரன் பைக்குள் போனது.

கூரைக் கண்ணாடிக் கூண்டு கறுத்துப்போயிருந்தது அங்கிருந்து தெரிந்தது. வெளிச்சம் வரும் ஒரே வழி அது. புகை முதலில் ஏறி அடைத்ததும் அதைத்தான். உள்ளே கும்மிருட்டு. அக்கா சுவரைத் தடவிக்கொண்டு வருவார். கை குமிழில் படும். துணி தட்டுப்படாது. தட்டுப்படாட்டிக் கதவு. நான் "அது இல்லை அக்கா, மற்றது! மற்றது!" என்று கத்தினேன். அவ்வளவு தடித்த கல். என் சத்தம் எனக்கே திரும்பி வந்தது. முற்றத்துப் பக்கத்து ஓடைக் கதவைத் திறக்கப் போன என்னை, பின்னால் ஓடி வந்த ஹவுஸ்வார்ட் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

தீயணைப்புக்காரர்கள் அந்த வழியால்தான் உள்ளே போனார்கள். அக்காவைத் தூக்கி வந்தபோது முகம் கரியாக இருந்தது, நகங்கள் உடைந்திருந்தன. பொய்க் கதவடியில், குமிழை இரண்டு கையாலும் பிடித்தபடி கிடந்ததாகச் சொன்னார்கள். பன்னிரண்டு அடி தள்ளி மற்றக் கதவு பூட்டாமல் இருந்தது.

உயிர் தப்பினார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பார்க்க விட்டார்கள். மூக்கில் குழாய். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ரயிலில் வசனத்தை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கட்டிலடியில் போய் இருந்ததும் அவர்தான் முதலில் கதைத்தார். குரல் அம்மி அரைக்கிற மாதிரிக் கரகரத்தது.

"அண்டைக்கு நான் துணி கட்டேல்லப் போல பிள்ளை. கட்டினனெண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன். கதவு இறுகிப்போச்சு எண்டு நினைச்சு, உதையே பிடிச்சு இழுத்துக்கொண்டு நிண்டிருக்கிறன். விசரி நான். ஒவ்வொரு நாளும் கட்டுறவள், அண்டைக்கு மறந்திருக்கிறன் பார்."

பேசாமல் இருந்திருக்கலாம். அதுகூடச் செய்யவில்லை. என் வாயாலேயே சொன்னேன்:

"ஓம் அக்கா. மறந்திருப்பியள்."

அவர் தலையை ஆட்டினார். கண்ணால் தண்ணீர் ஓடியது. நான் துடைத்துவிட்டேன்.

அந்த மாதக் கடைசியில் எனக்கு வேலைக் கடிதம் வந்தது. எட்டு மாதத்தில் மகள் வந்தாள். சூரிச் விமான நிலையத்தில் அவளைக் கட்டிப் பிடித்து நான் அழுததைப் பார்த்துச் சனம் விலகிப் போனது. அது சந்தோச அழுகை மட்டும் என்று சொன்னால் பொய்.

அக்கா பிறகு வேலைக்கு வரவில்லை. நெஞ்சு ஒருமாதிரித் தேறிவிட்டது, மனம்தான் தேறவில்லை. அவருடைய புருசன் போனில் சொல்லி அழுதார். அடுப்பை நிற்பாட்டினேனா என்று மூன்று தரம் கேட்கிறாவாம். வீட்டுப் பூட்டுத் திறப்பைக் கையில் பிடித்தபடி அதையே தேடுகிறாவாம். தண்ணீர் குடித்தேனோ என்றுகூட அவரைத்தான் கேட்கிறாவாம். "முந்தி எல்லாத்துக்கும் பயந்தா தங்கச்சி. இப்ப தன்னை நம்பத்தான் பயப்பிடுறா" என்றார். "அவவின்ர ஞாபகத்தில பிழையில்லை அண்ணை" என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் பள்ளிக்கூடத்தால் வந்து பசிக்கிறது என்றாள். போனை வைத்துவிட்டேன். பிறகு அவர்கள் லா ஷோ-து-ஃபோன் என்ற பிரெஞ்சுப் பக்கத்து ஊரில் மகனோடு இருக்கப் போய்விட்டார்கள்.

போன வருடம் சூரிச்சுக்குப் பக்கத்தில் ஷ்லீரனில் ஒரு கலியாணம். நானும் மகளும் போயிருந்தோம். பெரிய மண்டபம், சுற்றிவர ஒரே மாதிரிக் கதவுகள். சாப்பாடு முடிந்து சனம் கலைகிற நேரம். நட்டநடுவில், எல்லாக் கதவுக்கும் தூரத்தில், ஒரு வயதான பெண் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு திகைத்துப்போய் நின்றார். கிட்டப் போனபோதுதான் அடையாளம் தெரிந்தது. அவருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது.

"பிள்ளை! கடவுள்தான் உன்னைக் காட்டினது. இவர் காரை எடுத்துக்கொண்டு வாறனெண்டு போட்டார். எந்தக் கதவால போறதெண்டு எனக்குத் தெரியேல்லயடி. கேட்டால் எல்லாரும் ஒவ்வொரு பக்கம் காட்டுகினம்."

மகள் பக்கத்தில் நின்றாள், பத்தொன்பது வயதுப் பெண். அக்கா அவள் கன்னத்தைத் தடவினார். "உன்ர மோளோ? இவளைக் கூப்பிடத்தானே அந்தப் பாடுபட்டனி? நல்லா இரடி அம்மா."

நாங்கள் வந்த இடப்பக்கக் கதவைக் காட்டினேன். "உதுதான் அக்கா. நான் கூட்டிக்கொண்டு போறன், நில்லுங்கோ."

"வேண்டாம், வேண்டாம். நீ சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல், நான் காட்டிய பக்கம் நேரே நடந்து போனார்.